காது இருக்கிறதா, பார்!

பழைய ஜாஸ் இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தவுடனே அதைப் பிளேயரில் வைத்துவிடுகிற சேகரிப்பாளர் அபூர்வம். முதலில் உறையிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். கடைசிப் பாட்டின் கோடுகள் முடிந்து, நடு லேபிள் தொடங்கும் முன் ஒன்றும் பதியாத கறுப்பு வளையம் ஒன்று உண்டு. கண் நேராக அங்கே போகும். ஆங்கில ‘பி’ எழுத்தைக் கையால் சுழித்து எழுதியதுபோல, கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் மனிதக் காதின் வடிவில், ஒரு சின்னக் குறி தென்பட்டால் முகம் மலர்ந்துவிடும். தட்டு இன்னும் ஒருமுறைகூடச் சுழன்றிருக்காது, அதற்குள் நண்பருக்குச் செய்தி போயிருக்கும்: “காது இருக்கு!”

அந்தக் குறி பிளாஸ்டிலைட் என்ற ஆலையின் அடையாளம். நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த அந்த ஆலைதான் ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளை 1966 வரை அச்சடித்துக் கொடுத்தது. 1965இல் ப்ளூ நோட்டை லிபர்டி ரெக்கார்ட்ஸ் வாங்கியது. அச்சு வேலை வேறு ஆலைகளுக்குப் போனது; காதும் மறைந்தது. லேபிளில் உள்ள முகவரியும் இன்னொரு சாட்சி. லெக்சிங்டன் அவென்யூ என்றிருந்தால் ஐம்பதுகளின் நடுப்பகுதி. 47 மேற்கு 63ஆம் தெரு என்றால் 1957க்குப் பிறகு. நியூயார்க், யுஎஸ்ஏ என்று மட்டும் இருந்தால் அறுபதுகள். சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் பெயரிலேயே 1957இல் வந்த 1568ஆம் எண் தட்டில், ஒரு பக்க லேபிளில் ஒரு முகவரியும் மறுபக்கத்தில் சற்றே மாறிய முகவரியும் இருக்கும் பிரதிகள் உண்டு. அவற்றுக்குத்தான் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். எந்த லேபிள் ஒட்டிய பிரதியிலும் இசை ஒன்றே. அன்றைக்கு ஆலைத் தொழிலாளி எந்த லேபிள் கட்டைக் கையில் எடுத்தார் என்பதற்குத்தான் இவ்வளவு விலை.

வெளியாளுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தப் பித்து எதைச் சுற்றிப் படர்ந்தது என்று பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். ப்ளூ நோட்டை 1939இல் தொடங்கிய ஆல்ஃபிரெட் லயன் பெர்லினிலிருந்து வந்தவர். பின்னால் வந்து சேர்ந்த அவருடைய பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப், நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். ஒலிப்பதிவில் பகலும் இரவும் கூட நின்று வுல்ஃப் எடுத்த படங்கள்தான் பிறகு அட்டைகளாயின. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டருக்குப் பகலில் கண் பரிசோதிக்கும் தொழில். ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறைதான் ஸ்டுடியோ. 1959இல் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டுடியோ கட்டும் வரை அந்த வரவேற்பறையில்தான் அமெரிக்க ஜாஸின் பாதி வரலாறு பதிவானது. அச்சுக்குப் போகும் மூலத்தட்டையும் அவரே வெட்டினார். அந்தக் கறுப்பு வளையத்தில் தம் பெயரையும் பொறித்தார். அட்டைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கு மட்டும் ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் விரும்பிக் கேட்டது மேற்கத்தியச் செவ்வியல் இசை. இன்று அவர் அட்டைகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள்.

ஜாஸ் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். ‘புதுசா என்ன வாங்கினே?’ என்பதில்தான் பேச்சு சூடு பிடிக்கும். பதிலில் கலைஞர் பெயர், ஆண்டு, யார் யார் கூட வாசித்தார்கள், அட்டையின் மூலை மடங்கியிருக்கிறதா, இரண்டாம் பக்கத்தில் கீறல் உண்டா என்பதெல்லாம் வரிசையாக வரும். விலை மட்டும் அடிமாட்டு விலையாக இருந்தால்தான் தானாக வரும். இது வெறும் பெருமையடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே செத்த தட்டுகள் சில உயிர் பெற்றிருக்கின்றன. ஜப்பானைப் பார்த்தால் தெரியும்.

அங்கே ஜாஸ் ரசிகர்கள் தட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும் முன்பே அதைப் பங்கிட்டுக் கேட்கப் பழகிவிட்டார்கள். யோகோஹாமாவில் 1933இல் யோஷிதா மாமோரு என்ற இளைஞர் சிகுசா என்ற காபிக் கடையைத் திறந்தார். அங்கே காபியோடு ஜாஸ் இசைத்தட்டும் ஓடும். ‘ஜாஸ் கிஸ்ஸா’ என்று இவ்வகைக் கடைகளுக்குப் பெயர். போரின்போது ஜாஸ் எதிரி நாட்டு இசை என்று தடை செய்யப்பட்டது. 1945 விமானத் தாக்குதலில் கடையோடு ஆயிரக்கணக்கான தட்டுகளும் எரிந்து சாம்பலாயின. போர் முடிந்ததும் யோஷிதா மறுபடி கடை போட்டார். அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்காக அச்சடித்த தட்டுகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. இளம் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி அங்கே உட்கார்ந்து, ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடம் பண்ணினார். யோஷிதா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2007இல் கடை மூடப்பட்டது. 2012இல் பழைய வாடிக்கையாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து அதைத் திரும்பத் திறந்தார்கள்.

ஐம்பது அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு எல்பியை வாங்க, ஜப்பானிய இளைஞரின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு போய்விடும். அதனால் வாங்குகிற பொறுப்பைக் கடைக்காரர் ஏற்றார். கேட்கிறவர் ஒரு காபிக்குக் காசு கொடுத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தார். பல கடைகளில் பேசக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் அட்டையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு தாங்கியில் நிறுத்தி வைப்பார்கள். புது வரவு எது என்பது ஊருக்கே அதில் தெரிந்துவிடும். விருப்பப் பாட்டும் கேட்கலாம். ஒருவருக்கு ஒரு பக்கம் என்பது வழக்கம். நாவலாசிரியர் ஹருகி முரகாமி எழுத வருவதற்கு முன் டோக்கியோவில் நடத்திய பீட்டர் கேட் கடையிலும் ஜாஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இருட்டு அறைகளில்தான் சோனி கிளார்க் பிழைத்தார். ‘கூல் ஸ்ட்ரட்டின்’ என்ற அவருடைய தட்டு 1958 ஜனவரியில் பதிவானது. பியானோவில் அவர், கூட ஆர்ட் ஃபார்மர், ஜாக்கி மெக்லீன், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ். அட்டையில் நியூயார்க் நடைபாதையில் குதிகால் உயர்ந்த செருப்போடு நடக்கும் ஒரு பெண்ணின் கால்கள். அமெரிக்காவில் அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1963 ஜனவரியில் கிளார்க் 31 வயதில் இறந்தபோது பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தியும் இல்லை. ஜப்பானிலோ அந்தத் தட்டு கடை கடையாக ஓடியது. ஒருவர் வாங்கியதைக் கேட்டு இன்னொருவர் வாங்கினார். பின்னாளில் குறுந்தகடாக வந்தபோது, அமெரிக்காவில் விற்றதைப் போலப் பல மடங்கு ஜப்பானில் விற்றது. ஜான் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற ‘ப்ளூ டிரெய்ன்’ தட்டைக்கூட அங்கே அது முந்தியது. தாய்நாட்டில் பெயர் மறந்துபோன ஒரு பியானோக்காரர் டோக்கியோவில் எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டார்.

இதைவிட விசித்திரம் டினா புரூக்ஸின் கதை. டெனர் சாக்ஸபோன் வாசித்த அவர் ப்ளூ நோட்டுக்காகத் தம் தலைமையில் நான்கு தட்டுகளுக்கான இசையைப் பதிவு செய்தார். வாழ்நாளில் வெளிவந்தது ஒன்றே ஒன்று, 1960இல் பதிவான ‘ட்ரூ ப்ளூ’. அடுத்து ‘பேக் டு த டிராக்ஸ்’ வருவதாக இருந்தது. 4052 என்று எண் கொடுத்தாயிற்று, அட்டையும் தயார். மற்ற தட்டுகளின் உள்ளுறையில் விளம்பரமாக அந்த அட்டைப் படம் அச்சாகியும்விட்டது. தட்டு மட்டும் வரவில்லை. சேகரிப்பாளர்களோ படத்தைப் பார்த்தாயிற்று, எண்ணும் தெரியும். ‘உனக்குக் கிடைத்ததா?’ என்று ஒருவரையொருவர் கேட்டபடி, இல்லாத தட்டை ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். புரூக்ஸ் 1974இல் 42 வயதில் இறந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே ஒலிப்பதிவுகள் நின்று, இசையுலகம் அவரை மறந்திருந்தது.

1975இல் மைக்கேல் கஸ்குனா என்ற தயாரிப்பாளர் ப்ளூ நோட்டின் நாடாக் கிடங்குக்குள் நுழைந்தார். வெளிவராத பதிவுகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் பல முதலில் வெளியானதே ஜப்பானில்தான், கிங் ரெக்கார்ட்ஸ் வழியாக. வாங்க ஆள் இருந்த இடம் அதுதானே. புரூக்ஸ் 1958இல் பதிவு செய்த ‘மைனர் மூவ்’ 1980இல் அப்படி வெளிவந்தது. கஸ்குனாவும் நண்பர் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் நிறுவனம், ஒரு கலைஞரின் பதிவுகளை முழுமையாகத் திரட்டிப் பெட்டியாகப் போட்டு, எண்ணிக்கை குறித்து விற்றது. 1985இல் வந்த டினா புரூக்ஸ் பெட்டியில்தான் அந்த 4052 முதன்முதலாகக் காதில் விழுந்தது, பதிவாகி கால் நூற்றாண்டுக்குப் பிறகு. கஸ்குனா 2024இல் காலமானார். அவர் பெயரைச் சொல்லாமல் தம் அலமாரியைக் காட்டுகிற ரசிகரை நன்றிகெட்டவர் என்றே சொல்ல வேண்டும்.

இனி கிறுக்குத்தனத்தின் மறுபக்கம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் வந்தது. மார்ச் மாதப் பதிவின்போது ஒரு நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கம் முழுவதும் சுருதி கொஞ்சம் ஏறி ஒலித்தது. கூடவே வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் கருவியின் சுருதியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். இந்தக் கோளாறு 1992இல்தான் திருத்தப்பட்டது. அதற்காக மறுபடி ஒன்று வாங்க வேண்டும். பிறகு மோனோ, தங்க முலாம் பூசிய குறுந்தகடு, கனத்த வினைல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். ஒரே ஆல்பத்தை ஐந்தாவது முறை வாங்கியவர், முந்தைய நான்கையும் விற்காமல் வைத்திருப்பதற்கும் காரணம் சொல்வார். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவதோடு சரி.

2022 ஜூலையில் இந்த உலகத்தில் ஒரு பூகம்பம் நடந்தது. மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் மூல நாடாவிலிருந்து நேரடியாக எடுத்தது என்று நம்பப்பட்ட தட்டுகளை விற்றுவந்தது. சில தட்டுகளின் விலை 125 டாலர். இடையில் டிஜிட்டல் என்பதே கலக்காது என்பதுதான் வாங்கியவர்களின் நம்பிக்கை. அரிசோனாவில் ஒரு ரெக்கார்டு கடைக்காரர் விசாரித்தார். நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்: பல ஆண்டுகளாக டிஜிட்டல் படி ஒன்று இடையில் உண்டு. வழக்கு நடந்து, சமரசத் தொகை 25 மில்லியன் டாலர் என்று முடிந்தது. கோபப்பட்டவர்களின் கோபம் நியாயம்தான். காசு கொடுத்தவரிடம் மறைத்தது தப்பு. ஆனால் டிஜிட்டலை முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டிய பொற்காதர்கள் அத்தனை ஆண்டுகளாக அதே தட்டுகளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரம் சிலர் கொஞ்சம் அமைதியாக இருந்தார்கள்.

ப்ளூ நோட் 2019இல் தொடங்கிய ‘டோன் போயட்’ வரிசை இந்த இடத்தில் மதிப்புப் பெறுகிறது. தயாரிப்பாளர் ஜோ ஹார்லி, மூல நாடாவிலிருந்து தட்டு வெட்டுகிற கெவின் கிரே என்று யார் எதைச் செய்தார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லி விற்கிறார்கள். காதுள்ள பழைய பிரதிக்கு ஆயிரங்களைக் கொட்ட முடியாதவருக்கு இதே நல்ல வழி. டினா புரூக்ஸின் ‘மைனர் மூவ்’ இந்த வரிசையிலும் வந்திருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது யாராலும் வாங்க முடியாத தட்டு அது.

ஜப்பான் அமெரிக்காவுக்குச் செய்ததை உலகம் ஜப்பானுக்கும் திருப்பிச் செய்திருக்கிறது. ஹொக்காய்டோ தீவைச் சேர்ந்த ரியோ ஃபுகுய் 22 வயதில்தான் பியானோவைத் தொட்டார், தாமே கற்றுக்கொண்டார். 1976இல் ‘சீனரி’ என்ற தட்டை வெளியிட்டார். பிறகு மனைவியுடன் சப்போரோவில் ஸ்லோபோட் என்ற ஜாஸ் கிளப்பை நடத்தினார். யூடியூப் வந்த பிறகு, யாரோ ஏற்றிவைத்த ‘சீனரி’ ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாத இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. பழைய பிரதிகளின் விலை எகிறியது. ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்று 2018இல் மறுபதிப்புப் போட்டது. ஃபுகுய் 2016இலேயே இறந்துவிட்டார்.

சிகுசா கடையில் பாடம் பண்ணிய தோஷிகோ அகியோஷியை 1953இல் டோக்கியோவில் கேட்ட பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன், அவரைப் பெரிய தயாரிப்பாளர் ஒருவரிடம் சிபாரிசு செய்தார். 1956இல் அகியோஷி பாஸ்டனில் பெர்க்லி இசைப்பள்ளிக்குப் படிக்கப் போனார். சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவை மணந்தார். இருவர் பெயரிலும் ‘தோஷிகோ மரியானோ குவார்ட்டெட்’ என்று ஒரு தட்டு உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் மரியானோ மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கக் கோலாலம்பூர் போனபோது நாதஸ்வரம் கேட்டார். கேட்டவர் அதோடு நிற்கவில்லை. வாசிக்கவே கற்றுக்கொண்டார். 1976இல் ஜெர்மனியின் எம்.பி.எஸ். நிறுவனம் வெளியிட்ட ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டில் ஜாக் புரூஸின் பேஸ் கிட்டாரோடும் யான் ஹாமரின் கீபோர்டோடும் அந்த நாதஸ்வரம் ஒலிக்கிறது. பழைய ரெக்கார்டுக் கடையின் ‘பல்வகை’ அடுக்கில் அதைக் காண்கிற தமிழர், அட்டையின் பின்பக்கத்துக் கருவிப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். இந்தத் தட்டில் காது இருக்காது; நாதஸ்வரம் இருக்கிறது.