வாக்குப்பெட்டி இருக்கும் இடம் வேறு

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வலதுசாரிகள் வென்றால் காலநிலைக் கொள்கை செத்தது, பசுமைக் கட்சிகள் வென்றால் பிழைத்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. 2024 ஜூனில் பசுமை அணியின் இடங்கள் 53 ஆகச் சரிந்தபோது ஒப்பாரி வைத்தவர்கள் பலர். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பாராமல் அழுத அழுகை அது.

நிலக்கரியை எரிப்பதா, அணுவுலை கட்டுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 194ஆவது பிரிவு உறுப்பு நாடுகளிடமே விட்டிருக்கிறது. ஒன்றியச் சட்டங்களுக்கும் நாடாளுமன்ற ஒப்புதல் மட்டும் போதாது. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றத்தில் பொதுவாக 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும். அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 சதவீதமாவது அடங்க வேண்டும்.

அந்தத் தேர்தல் முடிந்த எட்டாம் நாள், ஜூன் 17 அன்று, இயற்கை மீட்புச் சட்டம் லக்சம்பர்கில் இம்மன்றத்தின் முன் வந்தது. ஆஸ்திரியாவின் பசுமைக் கட்சி அமைச்சர் லியோனோர கெவெஸ்லர், சான்சலர் கார்ல் நெஹாமரின் எதிர்ப்பை மீறி ஆதரவாகக் கை தூக்கினார். ஆதரித்தவை 20 நாடுகள். மக்கள்தொகைக் கணக்கில் 66.07 சதவீதம். ஆஸ்திரியாவின் பங்கு சுமார் 2 சதவீதம். அது ஒதுங்கி நின்றிருந்தாலே சட்டம் கவிழ்ந்திருக்கும். பசுமை அணி தோற்ற அதே மாதத்தில் இச்சட்டத்தைக் காப்பாற்றியது, கெவெஸ்லரை அமைச்சராக்கிய 2019ஆம் ஆண்டின் ஆஸ்திரியப் பொதுத்தேர்தல்.

கட்சிச் சாயத்தைப் பார்த்துக் கொள்கையைக் கணிப்பதும் பலிப்பதில்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய நாடுதான். ஆனாலும் பாடம் ஒன்றே. அங்கே நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவுகட்டும் திட்டத்தை 2015இல் அறிவித்தது கன்சர்வேட்டிவ் அரசு. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று லேபர் ஆட்சியில் மூடப்பட்டது. போலந்தில் நிலக்கரிக்குக் காவலாக நின்ற 'சட்டமும் நீதியும்' கட்சியின் ஆட்சியில்தான் வீட்டுக்கூரைச் சோலார் தகடுகளுக்கு 2019 முதல் மானியம் கிடைத்தது. சோலார் உற்பத்தியும் பெருகியது.

நாடாளுமன்றத்தின் வலப்பக்கச் சாய்வால் பாதிப்பே இல்லை என்பதல்ல. சட்டங்கள் நீர்த்துப்போகின்றன. 2040க்குள் உமிழ்வை 90 சதவீதம் குறைக்கும் இலக்கில் 5 புள்ளிகள் வரை வெளிநாட்டு கார்பன் கிரெடிட்டுகளால் நிரப்பிக்கொள்ள நாடாளுமன்றம் 2025 நவம்பர் 13 அன்று இசைந்தது. அந்தச் சலுகையை எட்டு நாள் முன்பே ஏற்று முடித்திருந்தது உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம். அதுவும் போதாதென்று இலக்கையே எதிர்த்து வாக்களித்த நாடுகளுள் போலந்தும் ஒன்று. அப்போது அங்கே இருந்தது, 'சட்டமும் நீதியும்' கட்சியை 2023இல் ஆட்சியிலிருந்து இறக்கிவிட்டு வந்த டொனால்ட் டஸ்கின் அரசு.