இம்ப்ளான்ட்டைக் கிருமியிடமிருந்து காக்குமா வேப்பிலை நானோ வெள்ளி? ஆய்வுக்கூடத்தைத் தாண்டாதது ஏன்?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் சுமார் ஒருவர் அல்லது இருவருக்கு அந்த மூட்டில் கிருமித் தொற்று வருகிறது. எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒருவரின் நிலைமை? பல நேரங்களில் வைத்த மூட்டையே கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை வைத்து, வாரக்கணக்கில் மருந்து ஏற்றி, தொற்று அடங்கிய பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து புது மூட்டு வைப்பார்கள். பல் இம்ப்ளான்ட்டிலும் இதே தலைவலி உண்டு. சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, திருகு ஆட ஆரம்பித்துவிடும்.

மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடாதா? பெரும்பாலும் ஆகாது. உலோகத்தில் ஒட்டிய பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. இதன் பெயர் பயோஃபிலிம். காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் தடவினால் வழவழவென்று இருக்கிறதே, அதே சமாச்சாரம்தான். படலத்துக்குள் போய்விட்ட கிருமியை ஆன்டிபயாடிக்கால் எளிதில் அழிக்க முடியாது. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஆந்தனி கிரிஸ்டினா 1987-ல் இதை ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார். உலோகம் உள்ளே போனதுமே அதன் மேற்பரப்பைப் பிடிக்க உடலின் செல்களும் பாக்டீரியாவும் போட்டி போடுகின்றன. பஸ் சீட்டில் துண்டு போடுகிற கதைதான், முதலில் போட்டவருக்கே இடம்.

அப்படியென்றால் பாக்டீரியா உட்காரவே முடியாதபடி சீட்டை மாற்றிவிடலாமே? வெள்ளி இங்கேதான் வருகிறது. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கும். எலும்புப் புற்றுநோயாளிகளுக்கு வைக்கும் பெரிய செயற்கை எலும்புகளில் வெள்ளிப் பூச்சு ஐரோப்பாவில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. வெள்ளியை நானோ துகளாக்கினால் பரப்பளவு கூடும், குறைந்த அளவே போதும்.

### இலை என்ன செய்கிறது?

நானோ வெள்ளி தயாரிக்க வழக்கமாக சோடியம் போரோஹைட்ரைடு போன்ற வீரியமான ரசாயனம் தேவை. அதற்குப் பதிலாக, இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்றுகிறார்கள். இலையிலுள்ள பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு போன்றவை எலக்ட்ரான் கொடுத்து வெள்ளி அயனியை உலோகத் துகளாக்கும். கரைசல் பழுப்பு நிறத்துக்கு மாறினால் வேலை முடிந்தது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி மேலே ஒரு போர்வையாகவும் இலைப்பொருள் நிற்கும். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி குழு 2004-ல் வேப்பிலையை வைத்து இதைச் செய்து காட்டியது. பிறகு துளசி, கற்றாழை என்று கைக்குக் கிடைத்த செடியெல்லாம் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். இங்கே கிருமியைக் கொல்லும் முக்கிய ஆள் வெள்ளிதான், வேம்பு அல்ல. இலை பெரும்பாலும் சமையல்காரர் மட்டுமே. ‘மூலிகை’, ‘இயற்கை’ என்ற லேபிளை ஒட்டியதும் பாதுகாப்பானது என்று மனசு நம்பிவிடுகிறது. இலையில் செய்தாலும் வெள்ளி வெள்ளிதான். அளவு மிஞ்சினால் எலும்பு செல்லையும் சேர்த்தே கொல்லும். நச்சு ரசாயனமும் கழிவும் குறைவது நிஜமான லாபம். அதை மறுக்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் சமையலில் இருக்கிறது. சித்திரையில் பறித்த இலையும் ஐப்பசி மழையில் பறித்த இலையும் ஒன்றல்ல. மண், வயது, கொதிக்கவைத்த நேரம் எது மாறினாலும் துகளின் அளவும் போர்வையும் மாறும். ரசத்துக்கு இது பரவாயில்லை, தொடை எலும்புக்குள் வைக்கும் பொருளுக்கு ஒத்துவராது.

அடுத்தது சோதனை. பல ஆய்வுகள் தட்டில் வளர்த்த பாக்டீரியாவின் நடுவே துகளை வைத்து, கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை அளப்பதோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. ஆனால் இடுப்பு மூட்டின் தண்டைச் சுத்தியலால் தட்டி எலும்புக்குள் இறக்குவார்கள், பல் இம்ப்ளான்ட்டைத் திருகி ஏற்றுவார்கள். அப்போது பூச்சு உரியுமா? கிருமி நீக்கும்போது இலைப்போர்வை தாங்குமா? பல வருஷம் கழித்தும் ரத்தம் வழியே தொற்று வரலாமே, அதுவரை வெள்ளி மிச்சம் இருக்குமா? இதையெல்லாம் அந்த வட்டம் சொல்லாது.

புது இலை, புது கட்டுரை, ஒரு பட்டம் என்று ஓடும் இந்தச் சக்கரத்தை நிதி கொடுப்பவர்கள்தான் நிறுத்த வேண்டும். இன்னொரு செடிக்குச் செலவழிக்கும் பணத்தை, ஏற்கெனவே தேறிய ஒரே ஒரு செடிச்சாற்றைத் தரப்படுத்த, வேறு ஆய்வகத்திலும் அதே துகள் வருகிறதா என்று பார்க்க, விலங்குச் சோதனைக்குக் கொண்டுபோகக் கொடுக்கலாம். பார்த்ததையே திரும்பச் செய்து பார்ப்பது பளபளப்பான வேலை இல்லை, பேப்பரும் சட்டென்று வராது. ஆனால் நோயாளிக்குத் தேவை அதுதான்.

இந்த வகைப் பூச்சு வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. அதனால் ‘மூலிகை நானோ இம்ப்ளான்ட்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், மருத்துவச் சாதன விதிகள் 2017-ன் கீழ் அதற்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.