கட்டணத்திற்கு முன் கடமை: பொது ஒளிபரப்பின் செலவை யார் சுமப்பது?

வீட்டுக்கு வீடு கட்டாயக் கட்டணம் வசூலித்துப் பொது ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்களை நடத்தலாமா என்னும் கேள்வி பல நாடுகளில் மீண்டும் எழுந்துள்ளது. பிரிட்டனில் பிபிசியின் அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிவடைகிறது. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் அதன் பின்னரும் தொடர வேண்டுமா என்பது அங்கே பெரும் விவாதமாகியிருக்கிறது. இந்தியாவில் இன்று அத்தகைய கட்டணம் நடைமுறையில் இல்லை. ஆயினும் அதற்கான கதவு சட்டத்தில் மூடப்படவில்லை. 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒலிபரப்பைப் பெறும் கருவிகளுக்கான உரிமக் கட்டணம் ஏதேனும் வசூலிக்கப்பட்டால், வசூல் செலவு போக எஞ்சிய தொகையை அந்நிறுவனத்துக்கு அளிக்க இன்றும் இடம் தருகிறது. ஆகவே இந்தக் கேள்வியைத் தலித் மக்களின் நிலையிலிருந்து இப்போதே எண்ணிப் பார்ப்பது தேவையாகிறது.

நமது நிலைப்பாடு இதுதான். பொது ஒளிபரப்பு வேண்டும். அது பொதுப் பணத்தில் நடக்க வேண்டும். ஆனால் எல்லா வீடுகளின் மீதும் ஒரே தொகையாக விழும் கட்டாயக் கட்டணம் கூடாது. அந்நிறுவனம் சட்டப்படி நமக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று நிலுவையில் இருக்கும்போது, நம்மிடம் புதிய கட்டணம் கேட்க அரசுக்கு அறம்சார்ந்த உரிமை இல்லை.

பழைய உரிமமும் புதிய நிலைமையும்

உரிமக் கட்டணம் நமக்குப் புதிதன்று. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமத்தைப் புதுப்பித்த தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. 1980களின் நடுப்பகுதியில் வானொலி, தொலைக்காட்சி உரிமங்கள் கைவிடப்பட்டன.

அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி வசதியின் அடையாளம். பஞ்சாயத்து வானொலிகூட ஊர்த்தெருவில்தான் ஒலித்தது, சேரியில் இருந்தவர்கள் தொலைவில் நின்று கேட்டார்கள் என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே அன்றைய கட்டணம் பெரும்பாலும் வசதி படைத்தோரிடமிருந்தே வசூலானது. இன்றைய நிலைமை வேறு. 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிய பின், குடிசைக்குள்ளும் தொலைக்காட்சி வந்துவிட்டது. இனிப் பெட்டியின் மீதோ வீட்டின் மீதோ விதிக்கப்படும் எந்தக் கட்டணமும் கூலித் தொழிலாளியையும் மாளிகைக்காரரையும் ஒரே தட்டில் வைக்கும்.

‘வீடு’ என்பது யாருடைய வீடு?

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்கொள்வோம். செங்கம் சாலையின் இருபுறமும் உள்ள தெருக்களில், நவம்பர் முதல் மார்ச் வரை வந்து தங்கும் வெளிநாட்டு அன்பர்களுக்காகக் கட்டப்பட்ட மாடி வீடுகள் உள்ளன. அவற்றில் பாத்திரம் துலக்கும் பெண்களும், கட்டட வேலைக்குச் செல்வோரும், கிரிவலப் பாதையின் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்களும் ஒற்றை அறை வாடகைக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். ‘ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்’ என்னும் விதி இவ்விரு வகை வீடுகளுக்கும் இடையே எந்த வேறுபாட்டையும் காணாது.

வசூல் முறையைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். பாகிஸ்தானில் அரசுத் தொலைக்காட்சிக்கான கட்டணம் பல ஆண்டுகள் மின்கட்டணத்தோடு மாதம் 35 ரூபாயாகச் சேர்த்து வசூலிக்கப்பட்டது. தென்கொரியாவிலும் மாதம் 2,500 வொன் மின்கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் இம்முறை வந்தால் என்ன நிகழும்? இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அதற்குள் அடங்கும் ஏழை வீட்டுக்குக் கட்டணமே வராது. ஒளிபரப்புக் கட்டணத்தைச் சேர்த்தால், ஒன்றும் கட்ட வேண்டாத அந்தக் குடும்பத்தின் கையிலும் ஒரு பாக்கிச் சீட்டு வந்து சேரும். வாடகைக் குடியிருப்போரின் நிலை இன்னும் மோசம். வீட்டு உரிமையாளர் தாமே ஒரு விலை வைத்து யூனிட்டுக்குப் பணம் வாங்குவது நாமறிந்த நடைமுறை. அரசு தரும் இலவச யூனிட் வாடகையாளரை எட்டுவதில்லை. அரசு விதிக்கும் கட்டணம் மட்டும் தவறாமல் எட்டிவிடும்.

பணம் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டாக உயர்ந்தது. அங்கே உரிமமின்றித் தொலைக்காட்சி பார்ப்பது குற்றவியல் வழக்காகிறது. தண்டிக்கப்படுவோரில் பெரும்பான்மையோர் பெண்கள். ஏனெனில் அதிகாரி கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் அவர்களே. சிறு பாக்கி எப்படி வழக்காகவும் பிணையாகவும் மாறுகிறது என்பதை நீதிமன்றங்களில் அன்றாடம் காணும் நாம், அந்த முறையை இங்கே வரவேற்க இயலாது.

நாம் ஏற்கெனவே ஒன்றும் கொடுக்காதவர்களும் அல்லர். 2019இல் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளின்படி கேபிள் இணைப்புக்கான அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு அப்போது 130 ரூபாயாக இருந்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து அது 153 ரூபாய்க்கு மேல் ஆனது. தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டிய அதே கேபிள் வழியாகத்தான் நாம் அவற்றைப் பார்த்தோம், பணம் கொடுத்து.

எதிர்வாதமும் அதன் வலிமையும்

கட்டணத்தை ஆதரிப்போரின் வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அரசின் மானியத்தில் வாழும் நிறுவனம் அரசின் குரலாகவே பேசும். மக்கள் நேரடியாகப் பணம் தந்தால் அது மக்களுக்குப் பதில் சொல்லும் என்கிறார்கள். நம் அனுபவம் அந்த வாதத்தின் முதற்பாதியை மெய்ப்பிக்கிறது. 2020 இறுதியில், மாநில மொழி அலைவரிசைகளும் நாள்தோறும் சமஸ்கிருதச் செய்தியை ஒளிபரப்ப வேண்டும் என்ற ஆணை வந்தது. 2024 ஏப்ரலில் டிடி நியூஸின் இலச்சினை காவி நிறமேற்றது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து ‘திராவிட’ என்னும் சொல் வரும் வரி விடுபட்டது. பின்னர் நிலையம் வருத்தம் தெரிவித்தது.

ஆனால் இதற்கு மருந்து கட்டணமா? பிரிட்டனில் கட்டணத்தின் அளவை அரசுதான் நிர்ணயிக்கிறது. ஜெர்மனியில் 2013 முதல் வீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு. எனினும் அங்கே சுதந்திரத்தைக் காப்பது கட்டணம் மட்டுமன்று. இசட்டிஎஃப் தொலைக்காட்சியின் மேற்பார்வை அவையில் அரசு சார்ந்தோர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. தொழிற்சங்கங்களும் சமய அமைப்புகளும் பிற சமூகப் பிரிவுகளும் அந்த அவையில் அமர்கின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் போலவே, மேற்பார்வை நாற்காலியில் யார் அமர்கிறார் என்பதும் சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது. பின்லாந்து 2013இலும் சுவீடன் 2019இலும் வீட்டுக் கட்டணத்தைக் கைவிட்டு, வருமானத்துக்கேற்ப வசூலிக்கும் முறைக்கு மாறின. நேர்மையான மாற்று இருக்கிறது என்பதற்கு அவை சான்று.

சட்டம் எழுதிவைத்த கடன்

பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவு அந்நிறுவனத்தின் குறிக்கோள்களை வரிசைப்படுத்துகிறது. சமூக நீதியை வளர்ப்பதும், சுரண்டலையும் சமத்துவமின்மையையும் தீண்டாமை போன்ற கொடுமைகளையும் எதிர்ப்பதும் அவற்றுள் அடங்கும். தீண்டாமையை எதிர்ப்பது ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் சட்டக் கடமை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அண்ணாமலையார் தீபத்தைத் தூர்தர்ஷன் நேரலையில் காட்டுவது நெடுநாள் வழக்கம். அதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் நுழைந்தார்கள். அரசமைப்பின் 17ஆம் கூறு உயிர்பெற்ற அந்தக் காலைப்பொழுதும் நேரலைக்குரிய நிகழ்வே. 2024 டிசம்பர் 1 அன்று, அதே மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் மண்சரிவில் ஏழு பேர் மாண்டனர். அத்தகைய மழை இரவுகளில் மலையை ஒட்டி வாழும் ஏழைகளுக்கு உள்ளூர் எச்சரிக்கையை எடுத்துச் செல்வதற்குத்தான் பொது ஒலிபரப்பு வேண்டும். விளம்பரதாரர் அந்த வேலைக்குப் பணம் தரமாட்டார்.

தனியார் ஊடகத்திடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது சொற்பம். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டிரியும் வெளியிட்ட ஆய்வு, 121 தலைமைப் பதவிகளில் 106இல் உயர்சாதியினர் இருந்ததையும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லாததையும் காட்டியது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தன் விலையையே பெயராகக் கொண்டது. நமக்கான செய்திக்கு நாமே பைசா சேர்த்த மரபு அது. 1954 அக்டோபர் 3 அன்று அண்ணல் அம்பேத்கர் தமது வாழ்வியல் தத்துவத்தை நாட்டுக்கு எடுத்துரைத்தது அகில இந்திய வானொலியில். பொது ஒலிபரப்பை நாம் விட்டுக்கொடுக்க முடியாததற்கு அந்த உரையே போதுமான காரணம்.

நாம் கோருவது

1954இல் சிரூர் மடம் வழக்கில், மெட்ராஸ் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடம் கேட்கப்பட்ட தொகை கட்டணமல்ல, வரியே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டணம் என்றால் செலுத்துவோருக்கு அதற்கீடான சேவை கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிற்காலத் தீர்ப்புகள் அதன் கடுமையைத் தளர்த்தின. எனினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது: நமக்கு என்ன கிடைத்தது?

ஆகவே, பொது ஒளிபரப்புக்கான நிதி வருமானத்துக்கேற்ற வரிகளிலிருந்து வர வேண்டும். ஆண்டுதோறும் அமைச்சகத்தின் தயவை நாடாதபடி, பல ஆண்டுகளுக்கான ஒதுக்கீட்டைச் சட்டமே உறுதி செய்ய வேண்டும். சட்டத்தில் எழுதப்பட்டும் செயலுக்கு வராத நாடாளுமன்றக் குழுவையும் ஒலிபரப்பு மன்றத்தையும் அமைத்து, அவற்றில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்களை உறுதிப்படுத்த வேண்டும். தீண்டாமைக்கு எதிராக எத்தனை மணி நேரம், எந்த மொழியில், எந்த வேளையில் ஒளிபரப்பினோம் என்ற கணக்கைப் பிரசார் பாரதி ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்க வேண்டும். அக்கணக்கு வரும்வரை தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12ஆம் பிரிவைச் சுட்டி ஒரு மனுவையேனும் அனுப்புவோம்.