டிராக்டர்காரர்கள் குழு: முதல் கூட்டத்தில் என்ன பேச வேண்டும்?

கேள்வி: "எங்கள் பகுதியில் சொந்த டிராக்டர் வைத்திருக்கும் 15 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். எந்த வண்டிக்கு இழுவை அதிகம், எந்த ரோட்டவேட்டர் நன்றாக உழைக்கும் என்றெல்லாம் நிறையப் பேசுகிறோம். ஆனால், விதைப்பு நேரம் வந்தால் அவரவர் வழியில் போய்விடுகிறோம். இந்தக் குழுவால் எங்களுக்கும் ஊருக்கும் பலன் கிடைக்க என்ன வழி?"

- ஒரு வாசகர், திருவாடானை வட்டம்.

பதில்: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதனால், மானாவாரியாக நெல் போடுபவர்களில் பலர் நாற்றுவிட்டு நடுவதில்லை. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருப்பார்கள். முண்டு மிளகாய்க்கும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் நிலம் தயாராக வேண்டும். மழை முந்திக்கொண்டால் களிமண் நிலத்தில் வண்டி இறங்காது. ஆக, ஊர் மொத்தத்துக்கும் இரண்டு, மூன்று வாரத்துக்குள் டிராக்டர் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர்காரருக்குக் கிடைக்கும் பதில், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதுதான். அந்த 'நாளை' மழைக்குப் பிறகு வந்தால், அவருக்கு அந்த ஆண்டு வெள்ளாமை தவறிவிடும்.

சும்மா நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு

வண்டிக்காரர் பக்கமும் சிரமம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. டிராக்டர், ரோட்டவேட்டர் இரண்டும் சேர்த்து 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டு உழைப்பு, கடைசியில் 10 சதவிகித மதிப்பு மிஞ்சும் என்றால், ஆண்டுத் தேய்மானம் 72,000 ரூபாய். முதலீட்டுக்கான வட்டி, சராசரி மதிப்பின் மீது 10 சதவிகிதம் என்றால் 44,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், கொட்டகை என 14,000 ரூபாய். மொத்தம் 1,30,000 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது செலவுதான்.

ஆண்டுக்கு 325 மணி நேரம் ஓடினால், இந்தச் செலவு மட்டும் மணிக்கு 400 ரூபாய். 650 மணி நேரம் ஓடினால் 200 ரூபாய். 1,000 மணி நேரம் ஓடினால் 130 ரூபாய். டீசல், டிரைவர் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். வாடகையைக் குறைக்க முடியாத வண்டிக்காரரும், வாடகை கட்டுப்படியாகாத விவசாயியும் ஒரே ஊரில் இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். வண்டியின் வேலை நாட்களைக் கூட்டினால் இருவருக்கும் வழி பிறக்கும்.

வண்டிக்கு முன்னால் மண்ணைப் பேசுங்கள்

குழுவில் உள்ளவர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் நன்றாகவே அறிந்திருப்பார்கள். நிலத்தை அறிந்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் நான்கு விவரங்களைச் சொல்ல வேண்டும்: சொந்த நிலம் எவ்வளவு, என்ன மண், எந்த வாரத்தில் உழவு முடிய வேண்டும், வண்டியுடன் என்னென்ன கருவிகள் இருக்கின்றன.

இதில் மண் விவரம் பெரிய உதவி செய்யும். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கடலோர மணற்பாங்கான நிலம். மழை விட்ட சில நாட்களிலேயே வண்டி இறங்கலாம். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் உள்ள களிப்பான வயல்களில் காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கமுதி பக்கம் கரிசல். இந்த மண் வேறுபாட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி தேவைப்படாது. ஒருவருடைய நிலம் காயும்வரை அவருடைய வண்டி அடுத்தவர் நிலத்தில் ஓடலாம். இது தெரியாததால்தான் ஓரிடத்தில் வண்டி சும்மா நிற்கும்போது, இன்னோரிடத்தில் வெளியூர் வண்டிக்கு அலைகிறார்கள்.

சீமைக்கருவேல் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். புதிதாகத் திருத்திய நிலத்தில் கருவேல் வேர்க்கட்டை கிடந்தால் ரோட்டவேட்டர் பிளேடு உடையும். முள் கிடந்தால் டயர் பஞ்சராகும். நிலத்துக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ரோட்டவேட்டருக்குப் பதில் முதலில் சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ கொண்டு போகலாம். சொல்லாமல் விட்டால், அந்த ஒரு பிளேடில் குழுவே உடைந்துபோகும்.

வெளிநாட்டில் இரண்டு வழிகள்

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் புக்ஹோஃபன் என்ற ஊரில், 1958-ம் ஆண்டு எரிக் கைய்ர்ஸ்பெர்கர் என்பவரின் முயற்சியால் முதல் 'இயந்திர வளையம்' தொடங்கப்பட்டது. வண்டி அவரவருக்கே சொந்தம். யாருக்கு எப்போது என்ன வேலை, யாரிடம் எந்த இயந்திரம் சும்மா இருக்கிறது என்பதை ஒருவர் பொறுப்பேற்றுப் பொருத்திக் கொடுப்பார். வாடகை முன்கூட்டியே பேசி முடிவு செய்தது.

பிரான்சில் வேறு வழி. 1945-ல் தொடங்கிய 'கூமா' கூட்டுறவு அமைப்புகளில், உறுப்பினர்கள் சேர்ந்து இயந்திரத்தை வாங்கி, பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான அமைப்புகள் அங்கே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2017-18-ம் ஆண்டு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம், இரண்டாவது வழியைச் சேர்ந்தது. 20 சிறு, குறு விவசாயிகள் ஓர் ஆர்வலர் குழு. அப்படி 5 குழுக்கள், அதாவது 100 பேர் சேர்ந்தால் ஓர் உற்பத்தியாளர் குழு. அதற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இந்த நிதியில் பண்ணை இயந்திரங்களை வாங்கிக்கொண்டார்கள்.

சொந்த வண்டி உள்ள 15 பேருக்கு முதல் வழியே பொருத்தம். எல்லோரும் ஆளுக்கொரு ரோட்டவேட்டர் வாங்குவதைவிட, குழுவில் இல்லாத விதைப்புக் கருவி, வைக்கோல் கட்டும் கருவி போன்றவற்றை மட்டும் பொதுவில் வாங்கலாம். இயந்திர வாடகை மையங்களுக்கான மானியம் பற்றி, அந்தந்த ஆண்டு விதிமுறைகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மானியத்தை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பிக்கக் கூடாது.

எழுதி வைக்க வேண்டிய விதிகள்

1. வாடகையை மணிக் கணக்கில், சீசனுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். டீசல் விலை மாறினால் எவ்வளவு கூட்டுவது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

2. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு. தேதி, யார் நிலம், வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டரில் காட்டிய மணி, போட்ட டீசல், ஏற்பட்ட பழுது. நிலத்துக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும்.

3. முறை வைப்பது நிலத்தின் ஈரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஆளைப் பார்த்து இருக்கக் கூடாது.

4. சின்ன வயல்களில் வண்டி திரும்புவதற்கே நேரம் போகும். அதனால்தான் டிரைவர்கள் தவிர்க்கிறார்கள். அடுத்தடுத்து நிலம் உள்ள நான்கைந்து சிறு விவசாயிகளை ஒரே நாளில் சேர்த்துக்கொண்டால் இந்தக் குறை தீரும். ஆண் துணையில்லாமல் தனியாக விவசாயம் பார்க்கும் பெண்களின் நிலத்தை இந்தப் பட்டியலில் விடாமல் சேர்க்க வேண்டும்.

5. டிரைவரின் உரிமம், வண்டியின் இன்ஷூரன்ஸ் இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்தில் காட்ட வேண்டும். டிரெய்லரில் ஆள் ஏற்றவே கூடாது. விபத்து நடந்தால் உயிரும் போகும், இழப்பீடும் மறுக்கப்படலாம்.

அறுவடையிலும் இந்தக் குழு உதவும். தை, மாசியில் வெளி மாவட்ட அறுவடை இயந்திரங்கள் வரும்போது, ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று தனித்தனியாகப் பேசினால் கேட்ட வாடகையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். தொடர்ச்சியாக 100 ஏக்கர் வேலை இருக்கிறது என்று சேர்ந்து பேசினால், இயந்திரத்துக்கு அலைச்சல் குறையும், வாடகையும் குறையும். ஈரம் காயாத வயல்களைத் தனியாகக் குறித்து வைத்தால், டயர் வண்டி போதுமா, பெல்ட் வண்டி வேண்டுமா என்பதையும் முன்பே சொல்லிவிடலாம்.

உப்புக் காற்றும் துருவும்

கடலோரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருப்பிடித்தலை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறது என்றால், இந்தக் காற்றின் தன்மை புரியும். உவர் நிலத்தில் ஓடிய வண்டியையும், மீனோ உப்போ ஏற்றிய டிரெய்லரையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு கிரீஸ் வைக்க வேண்டும். பேட்டரி முனைகளில் வாசலின் தடவலாம். சீசன் முடிந்ததும் கலப்பைக் கொழு, ரோட்டவேட்டர் பிளேடுகளில் எண்ணெய் பூசி, கொட்டகையில் தரையில் படாமல் கட்டை மேல் வைக்க வேண்டும். அடுத்தவர் கருவியை வாங்கிப் போனவர், இப்படிக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை ஆறாவது விதியாகவே எழுதிக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்தை ஆடி மாதத்துக்குள் வைத்துவிடுவது நல்லது. கூட்டம் முடிந்ததும் 15 பேரும் ஒருநாள் சேர்ந்து ஒவ்வொருவர் நிலத்தையும் நேரில் நடந்து பார்த்துவிட வேண்டும். பாதை எங்கே குறுகல், எந்த வரப்பில் வண்டி ஏறாது, எந்த வயலில் கட்டை கிடக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு வாடகை பேசினால் மனக்கசப்பு வராது.