உடம்பு அவளுது, கேள்வி யாருது?

ஆப்பிரிக்காவில் மருந்துச் சோதனை என்றதுமே நம் தோழர்கள் சட்டென்று ஒரு வார்த்தையைப் போட்டுவிடுகிறார்கள்: 'சோதனை எலிகள்'. கோபம் நியாயமானதுதான். 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் கம்பெனி 200 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கித் தன் ட்ரோவன் மருந்தைச் சோதித்தது. இரு பிரிவிலும் சேர்த்து 11 குழந்தைகள் செத்துப்போயின. முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்று வழக்கு நடந்து, 2009இல் கானோ அரசோடு ஏழரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இதெல்லாம் எங்கேயோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். அப்போது ஆந்திராவில் இருந்த கம்மத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டதே, அங்கே விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்டது யார்? பெற்றவர்களா? வார்டன்கள்.

ஆனாலும் 'எலி' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். எலி பதில் சொல்லாது. இந்தப் பெண்கள் சொன்னார்கள்.

எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் 5,029 பெண்களை வைத்து 'வாய்ஸ்' என்றொரு ஆய்வு நடந்தது. பெயரே 'குரல்'! எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத் தினம் மாத்திரை, அல்லது பெண்ணுறுப்பில் தடவும் களிம்பு. பத்தில் ஒன்பது பங்கு ஒழுங்காகப் பயன்படுத்துவதாகப் பெண்களின் வாய்மொழிக் கணக்கு சொன்னது. ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்கில்கூட மருந்து இல்லை. 2013இல் முடிவு வந்தது: எதுவும் பலிக்கவில்லை. உடனே எழுந்த பேச்சு, 'பெண்கள் பொய் சொல்லிவிட்டார்கள்'.

பொய்யா அது? "மாத்திர போட்டியா?"ன்னு டாக்டரம்மா கேட்டா, "போட்டங்கம்மா"ன்னு சொல்றது நம்ம சனங்களுக்குப் புதுசா? மேலே இருப்பவர் கேட்கும்போது கீழே இருப்பவர் சொல்லும் பதில் அது. பிறகு அதே பெண்களிடம் ரத்த முடிவைக் காட்டி உட்கார்ந்து பேசியபோது காரணங்கள் வந்தன. மாத்திரை டப்பாவைப் பார்த்தால் 'இவளுக்கு அந்த நோய்' என்று வீட்டிலும் தெருவிலும் பேசுவார்கள். புருஷன் சந்தேகப்படுவான். நோயே இல்லாத உடம்புக்கு மருந்து எதற்கு என்ற பயம். ஆய்வு தொடங்கும் முன் கேட்டிருக்க வேண்டியதை முடிந்தபிறகு கேட்டார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சம்மதம் என்பது மொழிதானே ஐயா. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிப்பது, மருந்தில்லாத போலி மாத்திரை, இவற்றைச் சூலுவிலும் சோனாவிலும் லுகாண்டாவிலும் புரியச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவள் அந்த ஊர்க்காரி. அவளை மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடுகிறார்கள். கேள்வியை அவள் எழுதக் கூடாதா?

சமூக ஆலோசனைக் குழு என்று ஒன்று இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. யாரும் இரங்கிக் கொடுத்ததில்லை அது. 2004இல் கம்போடியாவில் பாலியல் தொழிலாளர்கள் சங்கமாக நின்று, 'சோதனையால் எங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது?' என்று கேட்டார்கள்; ஆய்வு நின்றது. 2005இல் கேமரூனிலும் நின்றது. அதற்குப் பின்புதான் 2007இல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மக்கள் பங்கேற்புக்கு நெறிமுறை வெளியிட்டது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தங்களை ஆராய வருகிறவர்களுக்குத் தாங்களே விதி எழுதிக் கொடுத்தார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை. அது அதிகாரம். திட்டம் முழுக்க எழுதி முடித்தபிறகு குழுவைக் கூட்டி டீயும் பிஸ்கட்டும் கொடுப்பது வேறு.

கேட்பவர் மாறினால் கேள்வி மாறும். 1990களின் தொடக்கத்திலேயே நேட்டாலில் இளம்பெண்களுக்குத்தான் ஆண்களைவிட முந்தித் தொற்றுகிறது என்று கண்டவர் குரைஷா அப்துல் கரீம், இந்திய வம்சாவளிப் பெண். ஆணுறை போடச் சொல்லி ஆணிடம் கெஞ்ச வேண்டாம், பெண் கையில் ஒரு மருந்து வேண்டும் என்று அவர் குழு 889 பெண்களோடு செய்த களிம்பு ஆய்வு 2010இல் 39 சதவீதம் பலன் காட்டியது. 2015இல் வந்த பெரிய ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் கேள்வி செத்துவிடவில்லை. லிண்டா-கெய்ல் பெக்கர் தலைமையில் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த லெனகபவிர் ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 2024 ஜூலையில் உலகமே எழுந்து கைதட்டியது. கர்ப்பமானால் மருந்தை நிறுத்திவிடும் பழைய வழக்கம் அதில் இல்லை. 16 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். டப்பா இல்லை, ஒளிக்க வேண்டியதில்லை. வாய்ஸ் பெண்கள் 'பொய்யாக' சொன்ன பதிலுக்கு இது பதினோரு வருஷம் கழித்து வந்த மறுமொழி என்றே நான் படிக்கிறேன்.

விலை? அமெரிக்காவில் வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். 120 நாடுகளுக்கு மலிவாகச் செய்ய உரிமம் கொடுத்தார்கள். 2027 முதல் 40 டாலர் என்று 2025இல் அறிவித்த கம்பெனிகள் நம் ஐதராபாத்தைச் சேர்ந்தவை. ஆனால் இதே ஊசியை ஆண்களிடமும் திருநங்கையரிடமும் சோதித்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நான்கும் அந்தப் பட்டியலில் இல்லை. உடம்பு கொடுத்தவனுக்கு மருந்தில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண் விஞ்ஞானி என்றால் போதாது, எந்தப் பெண்? வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பவள், ரத்தம் எடுப்பவள், வராதவளைத் தேடி நடப்பவள், இவர்கள் மகள் ஆய்வுக்கூடத்துக்குள் எப்போது வருவாள்? வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்காக 1987இல் தொடங்கிய அமைப்பு முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கொடுக்கிறது. நல்லது. பட்டம் வாங்கித் திரும்பினால் சொந்த ஊரில் வேலை, சொந்தக் கூடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு? அங்கேதான் கதவு சாத்திக் கிடக்கிறது.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, கிளெண்டா கிரே தலைமையில் எட்டு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து செய்யவிருந்த எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு நாலரைக் கோடி டாலர் நிதியோடு போனது. குவாசுலு-நேட்டாலில் வேறொரு சோதனையில் இருந்த பெண்களின் உடம்புக்குள் அப்போது மருந்து வளையம் இருந்தது. வேலையை நிறுத்து என்ற உத்தரவை மீறி ஆய்வாளர்கள் அவர்களைக் கூப்பிட்டு எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆராய்ச்சிக்கு நாட்டு வருமானத்தில் ஒரு சதவீதம் ஒதுக்குவோம் என்று 2006இல் வாக்குக் கொடுத்த ஆப்பிரிக்க அரசுகளில் பெரும்பாலானவை இன்னும் அங்கே வரவில்லை. அவற்றின் சட்டையைப் பிடிக்க வேண்டும். கூடவே, பணம் போட்டவன் பாதியில் போனால் அந்தப் பெண்களைப் பார்க்கும் செலவை முதல் ஊசிக்கு முன்பே தனியாக எடுத்து வை, இல்லாவிட்டால் எங்கள் ஊரில் சோதனை கிடையாது என்று மறுக்கும் உரிமையைச் சமூகக் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.