தூங்காத காவலாளி

"தூங்குகிறவனை எழுப்பிவிடலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது" என்று பெரியோர் சொல்வதுண்டு. கம்ப்யூட்டர் விஷயத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. அணைந்ததுபோல் பாசாங்கு செய்யும் யந்திரம், குறித்த வேளையில் தானே எழுந்துகொள்ளும். மெய்யாகவே அணைந்துவிட்டதை எந்தக் கட்டளையாலும் எழுப்ப இயலாது. இந்த வேற்றுமையை அறியாததால் பல வீடுகளில் வீண் மனஸ்தாபம் விளைகிறது.

விருதுநகர் ஜில்லாவில் உள்ள மல்லாங்கிணற்றில் வயது முதிர்ந்த தம்பதிகள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். மகனுக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம். விடுமுறைக்கு வந்தவன், பெற்றோருக்குச் சிரமம் கூடாதென்று, தினமும் காலை 6 மணிக்குக் கம்ப்யூட்டர் தானே உயிர்பெற்றுத் தன் முகத்தைக் காட்டும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறான். அவன் ஊரில் அப்போது மணி 8.30. ஒரு வாரம் எல்லாம் சரியாக நடக்கிறது. எட்டாம் நாள் திரை இருண்டே கிடக்கிறது. "எதையோ தொட்டுவிட்டீர்கள், அப்பா!" என்கிறான் மகன். "நாங்கள் அதன் பக்கமே போகவில்லையேப்பா!" என்கிறார் தந்தை. இருவரும் பொய் சொல்லவில்லை. முதல் நாள் இரவு இடி மின்னலைக் கண்டு, தந்தை சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்திருந்தார். யந்திரத்தை அவர் தொடவேயில்லை.

அணைத்த கம்ப்யூட்டரினுள் ஒரு காவலாளி விழித்திருக்கிறான். 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு முதற்கொண்டு, சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை 5 வோல்ட் மின்னோட்டம் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். அதுவே காவலாளியின் ஆகாரம். அவன் கையிலுள்ள கடிகாரத்துக்கோ, காசு போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று தனியே உண்டு. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் படிகத் துண்டு ஒன்று அதில் நேரத்தை எண்ணுகிறது. கோளாறு நேர்ந்தால், காவலாளியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

முதலாவது: அவனுக்கு ஆகாரம் கிடைக்கிறதா? சுவர் ஸ்விட்சை அணைத்தால், கடிகாரம் ஓடும். ஆனால் கதவைத் தட்டக் காவலாளிக்குப் பலம் இராது. மின்வெட்டின்போது குறித்த வேளை கடந்துவிட்டாலும் இதே கதிதான். மற்றோர் எதிரியும் உண்டு. அணைந்த யந்திரம் அரை வாட்டுக்கு மேல் மின்சாரம் தின்னலாகாது என்று ஐரோப்பிய யூனியன் 2013 முதல் விதித்திருக்கிறது. அதற்கெனப் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் 'ஈ.ஆர்.பி.' என்றொரு ஏற்பாடு இருக்கும். அதை இயக்கிவிட்டால் பல யந்திரங்களில் காவலாளி பட்டினி கிடப்பான்.

இரண்டாவது: அவனுக்கு நேரம் தெரியுமா? பாட்டரி தீர்ந்த யந்திரம், மின்சாரம் நின்றதும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். நாட்டுக்கெல்லாம் காலண்டர் அச்சிட்டுத் தரும் சிவகாசி இருக்கும் ஜில்லாவில், தேதி தெரியாத யந்திரம் இருக்கலாமா? சொற்ப விலைப் பாட்டரி ஒன்றை மாற்றினால் தீர்ந்தது. விண்டோஸ் இந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும்; லினக்ஸோ பெரும்பாலும் உலகப் பொது நேரத்தை வைக்கும். இரண்டுக்கும் 5.30 மணி வித்தியாசம். லினக்ஸ் யந்திரத்தின் பயாஸில் 6 மணி என்று குறித்தால், அது பகல் 11.30-க்குச் சாவதானமாய் எழுந்திருக்கும். அங்கே 0.30 என்று குறிப்பதே சரி.

மூன்றாவது: உத்தரவு அவனிடம் போய்ச் சேர்ந்ததா? விண்டோஸில் குறிக்கும் 'எழுப்பு' என்னும் கட்டளை, ஸ்லீப், ஹைபர்னேட் என்ற உறக்க நிலைகளுக்கே பொருந்தும். ஷட் டவுன் செய்து முற்றும் அணைத்த பிறகு அதை எதிர்பார்ப்பது வீண். அப்போது பயாஸிலேயே, 'ஆர்.டி.சி. அலாரம்' என்பது போன்ற பெயருள்ள இடத்தில் உத்தரவு இட வேண்டும்.

சோதிக்கும் முறையும் எளிது. ஐந்து நிமிஷம் கழித்து எழும்படி குறித்து, அணைத்துவிட்டுக் காத்திருங்கள். எழாவிட்டால் ஒரே ஒரு மாறுதல் செய்து மீண்டும் பாருங்கள். பலவற்றையும் ஒருசேர மாற்றினால், எது குணம் தந்தது என்று தெரியாமற் போகும்.

2023-இல் சந்திரனில் இறங்கிய நம் விக்ரம் கலத்தைச் செப்டம்பர் 4-ஆம் தேதி உறங்க வைத்தபோது, இஸ்ரோ விஞ்ஞானிகள் கருவிகளை அணைத்தும், அழைப்பைக் கேட்கும் ரிசீவரை அணைக்கவில்லை. அங்கும் ஒரு காவலாளி! 22-ஆம் தேதியளவில் சூரியன் உதித்த பின் கூப்பிட்டுப் பார்த்தார்கள்; கலம் எழவில்லை. சந்திரனின் இரவுக் குளிரில் போய்ச் சோதிக்க ஆளில்லை. நம் வீட்டு யந்திரத்துக்கோ சுவர் ஸ்விட்ச் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.

மின்னலின்போது ஸ்விட்சை அணைத்த தந்தை செய்தது தவறன்று, விவேகம். பல பயாஸ்களில், மின்சாரம் திரும்பியதும் யந்திரம் தானே எழும்படி ஓர் ஏற்பாடு உண்டு. மகன் அதையும் செய்துவிட்டு, "மழை விட்டதும் ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள், அப்பா, மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காவலாளிக்கு உத்தரவு கொடுத்தால் மட்டும் போதாது. அவனுக்கு ஆகாரம் அளிப்பவர்களுக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.