பட்டியலில் இருப்பது விற்றதல்ல!

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். வீட்டிலிருந்தபடியே சோப்பு, புரோட்டீன் பவுடர் விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம். கூடவே சேர்ந்த தோழி மேடை ஏறி மாலை வாங்கிவிட்டாராம். 'எனக்கு மட்டும் ஏன் ராசி இல்லை?' என்று கேட்டிருந்தார். படித்ததும் மனசு கேட்கவில்லை. நறுக்கிக்கொண்டிருந்த அவரைக்காயை அப்படியே மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள். என் இரண்டு வளையல்கள் பதினாலு மாதம் அடகுக்கடையில் இருந்ததும் அந்தக் கேள்வியால்தான்.

நான் மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறேன். 2014-ல் இந்த வேலையில் சேர்ந்தேன். நம் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. 1996-ல் டப்பர்வேர் டப்பாக்கள் இந்தியாவுக்கு வந்தன, 1998-ல் ஆம்வே விற்பனையைத் தொடங்கியது. அப்போதிருந்தே யாராவது ஒரு பக்கத்து வீட்டு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் இருக்கிறோம். நான் சேர்ந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். பொருள் ஒன்றும் மோசமில்லை, இன்றைக்கும் என் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அதில்தான்.

தொந்தரவு ஆரம்பித்தது வாட்ஸ்அப் குரூப்பில். எங்களுக்கு மேலே இருந்த லீடர் தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பட்டியல் போடுவார். யார் முதல், யார் இரண்டாவது, யார் கடைசி. முதல் மூன்று பேருக்குப் பூங்கொத்துப் படம். கடைசியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை, அந்த ஒன்றும் இல்லாததுதான் குத்தும். படுக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

என்னோடு ஒரே நாளில், ஒரே மீட்டிங்கில் சேர்ந்த அக்கா ஒருவர் மேடவாக்கத்தில் இருந்தார். அவர் பெயர் எப்போதும் மேலே இருக்கும். என் பெயர் நடுவில், சில மாதம் அதற்கும் கீழே. 'அவங்களும் உங்களை மாதிரி குடும்பப் பெண்தானே, அவங்களால முடியுது, உங்களால ஏன் முடியலை?' என்று லீடர் கேட்பார். நானும் அதையே என்னை நானே கேட்டுக்கொள்வேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அக்கா இருந்தது பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. பழைய மகாபலிபுரம் சாலையில் கணவன், மனைவி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற வீடுகள். லிஃப்டில் ஏறி இறங்கினால் வியாபாரம் முடிந்தது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம். மீதி, ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் வீடும், சானடோரியம் மெப்ஸில் தையல் வேலைக்குப் போகும் பெண்களும். அவர்களுக்குச் சம்பளம் வருகிற முதல் பத்து நாள்தான் எனக்கு வியாபாரம். பதினைந்து தேதிக்கு மேல் போய்க் கதவைத் தட்டினால், 'அடுத்த மாசம் பார்க்கலாங்க்கா' என்பார்கள். அது என் திறமைக் குறைவா? அவர்கள் வீட்டு மளிகைக் கணக்கு அது.

2015 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கும். அடையாறு பொங்கி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, படகில் ஆட்களை ஏற்றி வந்தார்கள். அந்த மாதம் நான் மொத்தம் விற்றது 1,900 ரூபாய். அதுவும் பெரும்பாலும் தரை துடைக்கிற மருந்து. ஜனவரி மீட்டிங்கில், 'ஜெயிக்கிறவங்களுக்கு மழை ஒரு சாக்கே இல்லை' என்று மேடையில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கம், நானும் தட்டினேன்.

அதற்கப்புறம்தான் அந்த முட்டாள்தனம். மாதம் 25,000 ரூபாய்க்கு வியாபாரம் காட்டினால் 5 சதவீதம் தனியாகப் போனஸ், அதாவது 1,250 ரூபாய். நான் உண்மையில் விற்றது 14,000. மீதி 11,000 ரூபாய்ச் சரக்கை நானே வாங்கிவிட்டேன். எங்களுக்கு 20 சதவீதம் கழிவு உண்டு, ஆக கையிலிருந்து போனது 8,800. இப்படி 2016-ல் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதம். மொத்தம் 26,400. வளையல்களை 27,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன், மாதம் ஒன்றரை வட்டி. வீட்டுக்காரரிடம், 'பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்' என்றேன். மூன்று மாதமும் என் பெயர் பட்டியலில் மேலே வந்தது, பூங்கொத்தும் வந்தது. போனஸாக வந்தது 3,750 ரூபாய். பதினாலு மாதத்துக்குக் கட்டிய வட்டி 5,670 ரூபாய். கட்டிலுக்கடியில் ஷாம்பு பாட்டில்கள், தேதி நெருங்கிக்கொண்டே.

அந்த வருடம் நவராத்திரிக்கு அக்கா வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டார். பட்டியலில் முதல் ஆள் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையும் எனக்கு இருந்தது, மறைப்பானேன். ஏழு படிக் கொலு. சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு குழந்தை இழுத்ததில் படியில் விரித்திருந்த வேஷ்டி சரிந்தது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடியில் பார்த்தால் மரப்படி இல்லை. எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டிகள். பிரிக்காதவை.

கூட்டம் போனபிறகு அக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். 'மூணாவது படி வரைக்கும் கம்பெனிதான், அதுக்கு மேலதான் பலகை' என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் அழுதுவிட்டார். அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. 'ஏப்ரல் மாசம் உன் பேரு என் பேருக்கு மேல வந்துச்சு பாரு, அன்னிக்கு ராத்திரிதான் இதுல நாலு பெட்டி ஆர்டர் போட்டேன்.'

நான் அவரைப் பார்த்து வாங்கினேன், அவர் என்னைப் பார்த்து வாங்கியிருக்கிறார். இரண்டு பேர் வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரே ஷாம்பு!

அன்று எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை அந்தச் சகோதரிக்குச் சொல்ல வேண்டும். குரூப்பில் வருகிற பட்டியலில் இருப்பது யார் எவ்வளவு விற்றார்கள் என்பதல்ல. யார் கம்பெனியிடமிருந்து எவ்வளவு வாங்கினார்கள் என்பது. அது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதா, கொலுப்படிக்குக் கீழே போனதா என்று பட்டியலில் தெரியாது. மேலே இருக்கிறவருக்குக் கமிஷன் நாம் வாங்கும்போதே விழுந்துவிடுகிறது. தோழியோடு ஒப்பிட்டுப் பார்த்து மனசு நோவதாகச் சொல்கிறாரே, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

இப்படி அளவுக்கு மேல் சரக்கைத் தலையில் கட்டுவது தவறு என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பி.காம். படித்த என் அண்ணன் மகன்தான் எடுத்துக் காட்டினான். 2016 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை வழிகாட்டு நெறிமுறையில், விற்கக்கூடிய அளவுக்கு மேல் சரக்கு வாங்கச் சொல்லக்கூடாது என்று இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்ததற்கு முந்தைய மாதம்! பிறகு 2021 டிசம்பரில் விதிகளாகவே வந்துவிட்டன. ஆள் சேர்ப்பதற்காகப் பணம் தருகிற பிரமிடு திட்டம் கூடாது. விற்கப் போகிறவர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிச் சொல்லாமலும் வீட்டுக்குப் போகக்கூடாது. வாங்குகிறவர்களுக்கு ஏதாவது குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மேடையைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் டப்பர்வேரை வீட்டு விருந்துகளில் விற்கும் முறையை வளர்த்து, ஆயிரக்கணக்கான பெண்களை அதில் இறக்கியவர் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி. 1954-ல் 'பிசினஸ் வீக்' பத்திரிகை அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். 1958-ல் அவரையே கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அட்டைப்படத்தைப் பார்த்து ஏங்கியவர்கள் எத்தனை பேரோ!

சிலர் சொல்வார்கள், 'போட்டி இருந்தால்தானே ஓட முடியும்?' என்று. அதை முழுசாக மறுக்கமாட்டேன். அக்காவிடம் நான் கற்றுக்கொண்டது உண்டு. கடன் கேட்பவரிடம் முகம் கோணாமல் 'பாதிப் பணம் கொடுத்து எழுதி வைங்க' என்று சொல்கிற பக்குவம் அவருடையது. ஒருத்தர் எப்படிச் செய்கிறார் என்று கேட்கலாம். எவ்வளவு என்று கேட்பதில்தான் வினை.

அந்தக் கொலு முடிந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். இடது பக்கம், வாடிக்கையாளர் கையிலிருந்து வந்த பணம். வலது பக்கம், சரக்குக்குக் கொடுத்தது, ஷேர் ஆட்டோ, போன் செலவு, வராத கடன். கழித்துப் பார்த்தால் முதல் மாதம் எனக்கு நின்றது 1,340 ரூபாய். ஐயோ இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் அது என் பணம், யாருக்கும் வட்டி கிடையாது. தேங்கின சரக்கைச் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அசலுக்கும் குறைத்தே தள்ளினேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார். 2017 நடுவில் வளையல்கள் வந்துவிட்டன.

இப்போது ஆர்டரும் முன்பணமும் வாங்காமல் ஒரு சோப்பு கூட எடுப்பதில்லை. முப்பத்தொரு வீடு நிலையாக இருக்கிறது. அக்டோபரைப் போன வருட அக்டோபரோடு பார்க்கிறேன், என் நோட்டிலேயே. குரூப்பை விட்டு வெளியே வரவில்லை, புதுப் பொருள் விலை அதில்தான் வருகிறது. சத்தம் வராமல் வைத்திருக்கிறேன், ராத்திரி திறப்பதில்லை. அக்கா அந்த வேலையை விட்டுவிட்டு அதே குடியிருப்பில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி போட்டுக் கொடுக்கிறார். இப்போது அவர் வீட்டுக் கொலுவுக்கு இரும்புப் படி.

அந்தச் சகோதரி ஒரே ஒரு மாதம் இப்படி எழுதிப் பார்க்கட்டும். முடிந்தால் மாலை வாங்கின தோழியையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதட்டும். கையில் எவ்வளவு நின்றது என்று இந்தப் பகுதிக்கே மறுபடி எழுதினால், படிக்க நான் காத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, மேற்குத் தாம்பரம்.